ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொன்னேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து முகூர்த்த நாள் ஒன்றில் நடந்தது இது. அப்போது திருச்சி மன்னார்புரம் பக்கம் ஒரு நடுத்தரமான தனியார் மருத்துவமனையில், கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். எங்கள் சார் ஒருவர், நான் ஒருத்தி, அவ்வளவுதான். இரண்டாவது மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. ஏசி உண்டு, ஆனால் அது எங்களுக்காகப் போட்டதில்லை, சர்வருக்காகப் போட்டது.

வீடு ஸ்ரீரங்கத்தில். அன்று காலை காவிரிப் பாலம் முழுக்கக் கல்யாண வேன்களாக நின்றன. வண்டியை அடி அடியாக நகர்த்திப் பாலத்தைத் தாண்டவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. வரும்போதே எரிச்சலோடுதான் வந்தேன். எனக்கு எரிச்சல் கொஞ்சம் சீக்கிரம் வரும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடந்ததில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

உண்மையில் எரிச்சல் பாலத்தின் மேல் இல்லை, எங்கள் சார் மேல். மருத்துவமனையின் சர்வர்களைப் புதிய முறைக்கு மாற்றப் போவதாக அப்போது பேச்சு வந்திருந்தது. ஒரே பெரிய கம்ப்யூட்டருக்குள் பல கம்ப்யூட்டர்களை உருவாக்கி ஓட்டும் முறை அது. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். வெளியே பார்த்தால் ஒரு பெட்டிதான் இருக்கும், உள்ளே நாலைந்து கம்ப்யூட்டர்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருக்கும். நானும் கற்றுக்கொள்கிறேன் சார் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் சிரித்துக்கொண்டே, "உனக்கு எதுக்கும்மா அந்தத் தலைவலி, கவுண்டர் பிரச்சினைய பாத்துக்கிட்டாலே போதும்" என்று சொல்லிவிட்டார். பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறவளுக்கு அந்தச் சிரிப்பு எங்கே போய்க் குத்தியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வீம்புக்குப் படித்தேன். மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுச் சமையல் மேடையில் போனைச் சாய்த்து வைத்து, குழம்பு கொதிக்கக் கொதிக்க வீடியோ பார்த்தேன். வீட்டு லேப்டாப்பில் செய்து பார்க்க முயன்றால் அது திணறி நின்றுவிடும். எங்கள் அறையில் சும்மா கிடந்த ஒரு கம்ப்யூட்டர் நல்ல வேகமானது. சார் இல்லாத நாளில் அதில் செய்து பார்த்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன். அந்த முகூர்த்த நாளில் சார் மணப்பாறைக்கு, தன் மச்சினன் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

செய்ய நினைத்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் மூன்று விர்ச்சுவல் மெஷின்களை உருவாக்க வேண்டும். முதலாவது ஒரு நெட்வொர்க்கில், மூன்றாவது இன்னொரு நெட்வொர்க்கில். இரண்டும் நேராகப் பேசிக்கொள்ள முடியாது. நடுவில் இருக்கும் இரண்டாவது மெஷின் இரண்டு பக்கத்துக்கும் கதவு மாதிரி நின்று, இங்கிருந்து வருவதை அங்கே அனுப்ப வேண்டும். இதைத்தான் ரவுட்டிங் என்கிறார்கள். நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் தேவை. அந்த எண்ணைக் கொடுக்கும் வேலையையும் நடுவில் இருக்கும் மெஷினுக்கே கொடுத்தேன். எண் எந்த இலக்கங்களில் தொடங்க வேண்டும் என்று கேட்டது. முதலில் பத்து, அடுத்து என் மகள் பிறந்த தேதி, அதற்கடுத்து பிறந்த மாதம் என்று வைத்தேன். ஆசைதான், வேறென்ன.

இதெல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள்ளேயே நடக்க வேண்டிய விளையாட்டு. வெளியே இருக்கும் மருத்துவமனை நெட்வொர்க்கோடு எந்தச் சம்பந்தமும் இருக்கக் கூடாது. அதற்கென்று ஓர் அமைப்பு உண்டு, அதைச் சரியாகத்தான் போட்டிருந்தேன். இடையில் நடு மெஷினுக்கு ஒரு சின்ன மென்பொருளை இன்டர்நெட்டில் இருந்து இறக்க வேண்டியிருந்தது. அதற்காக, ஐந்து நிமிஷம்தானே என்று, அமைப்பை மாற்றி வெளி நெட்வொர்க்கோடு இணைத்துவிட்டேன். மென்பொருள் இறங்கியது. சரி, ஒரு தடவை சோதித்துப் பார்த்துவிட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

முதல் மெஷினில் இருந்து மூன்றாவது மெஷினைக் கூப்பிட்டேன். நீ இருக்கிறாயா என்று ஒரு கம்ப்யூட்டர் இன்னொன்றைக் கேட்கும், இருந்தால் அது பதில் அனுப்பும். பதில் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாகத் திரையில் வந்து விழுந்தது. வீட்டு லேப்டாப்பில் நான்கு நாளாக எத்தனை முறை முயன்றும் வராத பதில். மனசுக்குள் சாரைப் பார்த்து, இப்ப சொல்லுங்க என்று கேட்டேன். அந்தச் சந்தோஷத்தில் அறையைப் பூட்டிக்கொண்டு காபி குடிக்கக் கீழே கேன்டீனுக்குப் போனேன். அமைப்பை மாற்ற வேண்டும் என்பது சுத்தமாக மறந்துபோனது.

காபி பாதி குடித்திருப்பேன், மருந்துக் கவுண்டரில் இருந்து போன். "அக்கா, பில் போட முடியலக்கா, சர்வர் கிடைக்கலன்னு வருது." பதினோரு வருடமாக இந்த மாதிரி போன் எத்தனையோ வந்திருக்கிறது. எனக்கு ஒரே பதில்தான் உண்டு, அதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அதையே சொன்னேன். நூற்றில் தொண்ணூறு தடவை அதிலேயே சரியாகிவிடும். அந்த மருத்துவமனையில் என்னைக் கண்டாலே கேலியாக, "ஆஃப் பண்ணி ஆன் பண்ணிட்டோம் மேடம்" என்பார்கள்.

அடுத்து ரத்தப் பரிசோதனைக் கவுண்டர். ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. அடுத்து முதல் மாடி நர்ஸ்கள் மேசை. அதற்கும் அதேதான். ஐந்தாவது போன் வந்தபோது எரிச்சல் தலைக்கேறிவிட்டது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது என்று, ஊழியர்கள் எல்லோரும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில், எல்லாரும் உடனே ஒருமுறை கம்ப்யூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யவும் என்று போட்டேன். கட்டைவிரல் அடையாளங்களாக வந்து விழுந்தன. எல்லோரும் நான் சொன்னதைச் செய்துவிட்டார்கள்.

பத்தே நிமிஷத்தில் மருத்துவமனை முழுக்க நின்றுபோனது.

நான் படியேறிப் போய் சர்வரைப் பார்த்தேன், அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. இன்டர்நெட் இருந்தது. எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. சாருக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். அங்கே மேளச் சத்தத்தில் போன் அடிப்பது எங்கே கேட்கப் போகிறது. கீழே கூச்சல் அதிகமாகிக்கொண்டே வந்தது.

கீழே இறங்கி வந்தபோது அவசரப் பிரிவின் வாசலில் ஒரு ஆம்புலன்ஸ் நின்றது. முசிறியில் இருந்து கொண்டுவந்திருந்தார்கள். ஐம்பது வயது இருக்கும். காலையில் வாழைத்தோப்பில் இலை அறுத்துக்கொண்டிருந்தவர், வாய் ஒரு பக்கம் கோணி, வலது கை தொங்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். அவர் மனைவி பக்கத்திலேயே நின்றார். சேலை முந்தானையில் வாழைக்கறை. தோப்பில் இருந்து அப்படியே ஏறி வந்திருக்கிறார். அவரைத் தாண்டித்தான் நான் உள்ளே போனேன். என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து நானும் டாக்டர் என்று நினைத்துவிட்டார். "மேடம், காலையில நீராகாரம் குடிக்கறப்பகூட நல்லாத்தாங்க பேசுனாரு" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொல்லக்கூட நிற்கவில்லை.

ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. ஆனால் படம் நரம்பு டாக்டருக்குப் போகவில்லை. அன்று அவர் தஞ்சாவூரில் இருந்தார். வழக்கமாக ஸ்கேன் அறையில் எடுக்கும் படம் அவசரப் பிரிவில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் வழியாக அவருக்குப் போய்விடும், அவர் எங்கே இருந்தாலும் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்தக் கம்ப்யூட்டரும் நின்றுபோயிருந்தது.

பணியில் இருந்த டாக்டர் சின்ன வயதுப் பெண். எனக்கு விஷயத்தை இரண்டே வரியில் சொன்னார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்றால் உடனே ஓர் ஊசி போட வேண்டும். அடைப்பு இல்லாமல் ரத்தக்கசிவாக இருந்து அதே ஊசியைப் போட்டுவிட்டால் ஆள் அங்கேயே போய்விடுவார். எது என்று நரம்பு டாக்டர் படம் பார்த்துச் சொல்ல வேண்டும். ஸ்கேன் திரையைப் போனில் படம் பிடித்து அனுப்பிப் பார்த்தார்களாம், அதை வைத்துச் சொல்ல மாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டாராம். தஞ்சாவூரில் இருந்து கிளம்பிவிட்டார், வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

"நேரம் இருக்குல்லங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

"நாலரை மணி நேரத்துக்குள்ள போடலாம். அதுக்காக வெயிட் பண்ணலாம்னு அர்த்தம் இல்ல மேடம். ஒவ்வொரு நிமிஷமும் உள்ள மூளை போயிக்கிட்டே இருக்கு" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் நின்றுகொண்டு, கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதையும் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்தேன்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். என்ன பிரச்சினை, யார் காரணம் என்று எல்லோர் முன்னாலும் என்னைக் கேட்டார். வராண்டாவில் ஏணி போட்டு எலக்ட்ரீஷியன் ஒருவர் டியூப் லைட் மாற்றிக்கொண்டிருந்தார். கூரையில் பதித்த தட்டியைக் கழற்றி வைத்திருந்தார், அதற்கு மேலேதான் எங்கள் நெட்வொர்க் கேபிள்கள் ஓடுகின்றன. நான் யோசிக்கவே இல்லை. "மேல ஒயர் வேலை நடக்குது சார், அதுல எங்கயோ கட்டாயிருக்கும்" என்றேன். என் பக்கம் திரும்பியிருந்த எல்லாக் கண்களும் அந்த மனிதர் பக்கம் திரும்பின. அப்படித் திரும்பியதில் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

மேனேஜர் அவரை ஏணியில் இருந்து இறங்கச் சொல்லி, வாய்க்கு வந்தபடி பேசினார். என்னைவிடப் பத்து வயது பெரியவர் அந்த மனிதர். டெஸ்டரைக் கையில் பிடித்தபடி, "நான் அந்த ஒயர்ங்கள தொடவே இல்லைங்க சார், லைட்டுப் பட்டி மட்டும்தாங்க மாத்துனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். உள்ளே ஒருத்தர் உயிருக்குக் கிடக்கிறார், அவருக்கு ஏதாவது ஆனால் உன்னைச் சும்மா விடமாட்டேன் என்றார் மேனேஜர். அதைக் கேட்ட முசிறிக்காரரின் மனைவி சட்டென்று எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். அந்தப் பார்வையை நானும் பார்த்தேன்.

நிற்க முடியாமல் ஸ்கேன் அறைக்குப் போனேன். அங்கே வேலை பார்க்கும் அக்கா என்னைவிட சீனியர், பாலக்கரையில் இருந்து வருகிறவர், யார் சொன்னாலும் சட்டென்று கேட்டுவிட மாட்டார். உங்கள் கம்ப்யூட்டரும் போய்விட்டதா அக்கா என்று கேட்டேன்.

"என்னோடது நல்லா ஓடுதும்மா. சர்வர்ல படம்கூட ஏறிடுச்சு. நீ குரூப்ல போட்டத பாத்தேன், இத அணைச்சா திரும்ப வர இருபது நிமிஷம் ஆகும், பேஷன்ட் காத்துக்கிட்டிருக்காங்க, அதான் அணைக்கல."

அணைக்காதது ஓடுகிறது. அணைத்ததெல்லாம் போய்விட்டது.

ஒரு கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது, எனக்கு எண் யார் கொடுப்பது என்று நெட்வொர்க்கில் கேட்கும். யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார்களோ அவர்கள் கொடுக்கும் எண்ணை வாங்கிக்கொள்ளும். இது நான் நான்கு நாளாகப் படித்த பாடம். ஓடிப் போய் அவசரப் பிரிவு கம்ப்யூட்டரின் எண் என்ன என்று பார்த்தேன். பத்து என்று தொடங்கியது. அடுத்து என் மகள் பிறந்த தேதி. அடுத்து அவள் பிறந்த மாதம்.

அந்தத் திரைக்கு இரண்டடி தள்ளித்தான் அந்த மனிதரின் படுக்கை. பக்கவாட்டில் கம்பியைத் தாண்டி அவருடைய வலது கை தொங்கிக்கொண்டிருந்தது, நர்ஸ் எடுத்து மேலே வைத்தார். என் மகளின் பிறந்தநாளைத் திரையில் பார்த்துக்கொண்டு, அந்தக் கையையும் பார்த்துக்கொண்டு நின்ற அந்தச் சில நொடிகளில் வந்த பயம் மாதிரி ஒன்று என் வாழ்நாளில் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. பிரசவத்தின்போது ரத்த அழுத்தம் ஏறி என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், அப்போதுகூட இப்படிப் பயந்ததில்லை. அது எனக்கு வருவதைப் பற்றிய பயம். இது நான் இன்னொருவருக்குச் செய்துவிட்டதைப் பற்றிய பயம்.

படியில் ஓடினேன். முதல் மாடித் திருப்பத்தில் செருப்பு வழுக்கி முழங்கால் அடிபட்டு விழுந்தேன். எழுந்து ஓடினேன். அறையைத் திறந்தால் என் மூன்று மெஷின்களும் சமர்த்தாக ஓடிக்கொண்டிருந்தன. முதல் மெஷின் இன்னும் மூன்றாவதை, இருக்கிறாயா இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டிருந்தது, அதுவும் பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. நடு மெஷின், மருத்துவமனையின் பழைய ரவுட்டரைவிட வேகமாக முந்திக்கொண்டு, அந்த நேரம் பார்த்து ஆன் ஆன நாலைந்துக்கும், பிறகு நான் சொல்லி ஆஃப் செய்து ஆன் செய்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் தன் எண்ணை அள்ளிக் கொடுத்திருந்தது. அத்தனையையும் மருத்துவமனையின் சர்வரில் இருந்து பிரித்து, எங்கும் போகாத ஒரு பாதையில் நிறுத்தியிருந்தது. அதன் கையில் ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்தான், வாட்ஸ்அப்பில் செய்தி போட்டு.

மூன்றையும் நிறுத்தினேன். அப்போது ஓர் எண்ணம் வந்தது. இவற்றை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. சாருக்குக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. கீழே ஏற்கெனவே ஒருவர் மேல் பழி விழுந்தாகிவிட்டது. அழிக்கும் பொத்தானின் மேல் அம்புக்குறி நின்றது. எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாது, ஆனால் அது கீழே அவர் மூளை ஒவ்வொரு நிமிஷமும் போய்க்கொண்டிருந்த நேரம் என்பது மட்டும் தெரியும். அழிக்கவில்லை. நல்லவள் என்பதால் இல்லை, கீழே ஓட வேண்டியிருந்ததால்.

மறுபடி படி. அவசரப் பிரிவு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் என் கை பழக்கதோஷத்தில் பவர் பட்டனுக்குத்தான் போனது. அதை ஆஃப் செய்து ஆன் செய்ய நான்கு நிமிஷம் ஆகும். பழைய எண்ணை விட்டுவிட்டுப் புதிய எண் வாங்கிக்கொள் என்று ஓர் ஆணை தட்டினால் போதும், சில நொடிகள். தட்டினேன். எழுத்து மாறிப்போனது. மறுபடி தட்டினேன், மறுபடி மாறியது. அந்த டாக்டர் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்றார். மூன்றாவது முறை சரியாக விழுந்தது. எண் மாறியது. படம் போகத் தொடங்கியது. ஒரு நீலக்கோடு இடமிருந்து வலமாக நகர்ந்து நிறைந்தது.

நரம்பு டாக்டர் காரை ஓரமாக நிறுத்தி, லேப்டாப்பில் படத்தைப் பார்த்திருக்கிறார். அடைப்புதான், போடுங்கள் என்றார். ஊசி ஏறியபோது, படம் போக வேண்டிய நேரத்தில் இருந்து நாற்பது நிமிஷம் தாண்டியிருந்தது.

மற்ற கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாகப் போய்ச் சரி செய்தேன். வராண்டாவில் எலக்ட்ரீஷியன் ஏணியை மடக்கி வைத்து, உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுப் போகச் சொல்லிவிட்டார்களாம். மேனேஜர் அறைக்குப் போய், "சார், அவர் மேல தப்பில்ல. நான்தான்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவருக்கு விர்ச்சுவல் மெஷின் புரியவில்லை, நான்தான் என்பது புரிந்தது. எலக்ட்ரீஷியனை வேலையைத் தொடரச் சொல்லி ஆள் அனுப்பினார். அன்று வாங்கியதை இங்கே எழுத வேண்டாம். அதைவிடக் கஷ்டமாக இருந்தது வராண்டாவுக்கு வந்து அந்த மனிதர் முன்னால் நின்றதுதான். மன்னிச்சுக்கங்க அண்ணே என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்க்கவில்லை. "பரவாயில்லைங்க, ஆனா ஒரு வார்த்த என்னைக் கேட்டுட்டு சொல்லியிருக்கலாம்ல" என்று சொல்லிவிட்டு, கழற்றி வைத்த தட்டியை மாட்டப் போனார்.

சார் மறுநாள் வந்து என்னிடம் கத்தவே இல்லை. சோதனைக்கு வைத்த கம்ப்யூட்டரின் கேபிளைக் கழற்றி மேசைமேல் வைத்தார், "இத முதல்லயே பிடுங்கி வெச்சிருந்தா போதும்மா" என்றார், அவ்வளவுதான். ஆறு மாதம் அந்த அறைச் சாவி எனக்குக் கிடையாது என்று மேனேஜர் எழுதிக் கொடுத்தார். நியாயம்தான்.

முசிறிக்காரர் பிழைத்துக்கொண்டார். நான்காம் நாளே பேச்சு வந்துவிட்டது. பத்து நாளில் நடந்து வீட்டுக்குப் போனார். நான் தினமும் அந்த வார்டுப் பக்கம் போய் எட்டிப் பார்ப்பேன், உள்ளே போக மாட்டேன். வலது கையில் மட்டும், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேரவில்லை. இலை அறுத்துக் கட்டுக் கட்டுகிறவருக்கு அந்த இரண்டு விரலும்தான் பிழைப்பு. டாக்டர் பெண்ணிடம் போய், அந்த நாற்பது நிமிஷத்தாலா என்று கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது மேடம்" என்றார்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார்கள். கணவரை டாக்டர் அறைக்கு வெளியே உட்கார வைத்துவிட்டு, அந்த அம்மாள் என்னைத் தேடிக்கொண்டு வந்தார். கையில் ஒரு சீப்பு பூவன் பழம். "அன்னிக்கு படிக்கட்டுல விழுந்து எந்திரிச்சு ஓடுனது நீங்கதானேங்க. நர்சம்மா சொன்னாங்க, நீங்க வந்துதான் படமே போச்சுன்னு" என்று பழத்தை என் கையில் வைத்தார். என்னால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க முடியவில்லை. அவரை ஓரமாக உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கெடுத்தது நான்தான், எலக்ட்ரீஷியன் இல்லை, விரல் சேராமல் போனதற்கு அந்தத் தாமதம்கூடக் காரணமாக இருக்கலாம், தெரியாது என்றேன். சொல்லி முடித்தபோது எனக்குத்தான் அழுகை வந்தது, அவருக்கு வரவில்லை.

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடைசியில் எழுந்து முந்தானையைச் சரிசெய்தபடி சொன்னார்.

"சொல்லாம இருந்திருக்கலாமுங்க. சாமி இந்த மட்டுக்காவது விட்டு வெச்சுச்சேன்னு நான் பாட்டுக்கு இருந்திருப்பேன். இனிமே அவரு சோத்த எடக்கையால அள்ளும்போதெல்லாம் எனக்கு அந்த நாப்பது நிமிசம்தானேங்க ஞாபகம் வரும்."

பழத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. கணவர் தோளைப் பிடித்து எழுப்பி, மெதுவாக நடத்திக்கொண்டு போனார்.

இப்போது வேறு இடத்தில் வேலை பார்க்கிறேன். ரவுட்டிங், விர்ச்சுவல் மெஷின் எல்லாம் நன்றாகவே தெரியும், நாலு பேருக்குச் சொல்லியும் கொடுக்கிறேன். செய்த தவறை ஒப்புக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, மேனேஜரிடமும் அந்த எலக்ட்ரீஷியனிடமும் சொன்னது சரி என்று எந்தச் சாமி முன்னாலும் நின்று சொல்வேன். ஆனால் அந்த அம்மாளிடம் சொன்னது அவருக்கு உண்மை தெரிய வேண்டும் என்பதற்காகவா, இல்லை என் நெஞ்சு கொஞ்சம் லேசாக வேண்டும் என்பதற்காகவா என்று என்னை நானே கேட்டுக்கொள்ள இன்றைக்கும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.